இணைப்பு கிடைக்காத மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்குப் பிராட்பேண்ட் இணைப்பு வந்தது, மகள் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற ஆண்டில். அதைக் கேட்டு வாங்கியவள் என் மனைவி. மின்னஞ்சலுக்காகவோ செய்திகளுக்காகவோ அவள் அதைக் கேட்கவில்லை. ஓர் ஆட்டத்துக்காகக் கேட்டாள்.

அந்த ஆட்டம் அப்போதே பழையது. மகள் பள்ளியில் படித்த நாளில், மதுரை வீட்டில் நாங்கள் வாங்கிய முதல் கணினியோடு வந்த குறுந்தகட்டில் இருந்தது. வெற்று நிலத்தில் தொடங்கி, மரம் வெட்டி, கல் உடைத்து, வயல் திருத்தி, மதில் எழுப்பி ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். பிறகு படை திரட்டி அடுத்தவர் ஊரை அழிக்க வேண்டும். அம்மாவும் மகளும் இந்தப் பிற்பகுதியை ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. அடுத்தடுத்து இரண்டு ஊர்களை அமைத்துக்கொண்டு, மகள் மதில் கட்டுவாள். அம்மா ஆடு வளர்ப்பாள். திரை நிறைய ஆடுகள் மேயும்.

“மன்னவனூர்ப் பண்ணையிலகூட இவ்வளவு ஆடு இருக்காதுங்க” என்று என்னை அழைத்துக் காட்டுவாள். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் அவள். ஆடுகளின் எண்ணிக்கையை மட்டும் அவள் துல்லியமாகச் சொன்னதே இல்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். ஓய்வு பெற்றதும் மதுரை வெயிலை விட்டு இருவரும் கொடைக்கானலுக்குக் குடிவந்தோம். ஏரியிலிருந்து மேலேறும் ஒரு சாலையில் சிறிய வீடு. வேலிக்கு வெளியே தொலைபேசிக் கம்பம்.

ஆட்டத்தை இரு நாடுகளுக்கு நடுவில் ஆடுவதற்கு வழியமைப்பது என் பொறுப்பாயிற்று. தொண்ணூறுகளில் எழுதப்பட்ட அந்த ஆட்டத்துக்கு இன்றைய ஆட்டங்களைப் போலத் தானாக வழி கண்டுகொள்ளத் தெரியாது. இரண்டு காரியங்கள் செய்ய வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடும்படி மோடத்தின் அமைப்பில் ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். அடுத்து, எங்கள் இணைப்பின் எண்ணை, புள்ளிகளால் பிரிந்த நான்கு பகுதிகள் கொண்ட அந்த முகவரியை, மகள் தன் கணினியில் தட்டச்ச வேண்டும். தொலைபேசியில் அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டு முதல் காரியத்தை முடித்தேன். எண்ணை அவளுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன். அவள் குறித்துக்கொண்டாள். தொலைபேசி எண்ணைப் போல அதுவும் வீட்டுக்கே உரியது என்று மூவரும் நம்பினோம். கோடை மழை பொய்த்த ஆண்டு அது. மின்வெட்டு வந்தாலும் மோடம் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மாதக்கணக்கில் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வரவில்லை.

ஆடி மாதத்தில் என் மனைவியின் நோய்க்குப் பெயர் தெரிந்தது. சிகிச்சைக்காக மதுரைக்கு இறங்குவதும் ஏறுவதுமாக இரண்டு மாதங்கள் சென்றன. மருத்துவர் மாதக்கணக்கில் பேசினார்; ஆண்டுக்கணக்கில் பேசவில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சில நாட்கள் அவளால் எழ முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சற்றுத் தேறி, பிற்பகல் மூன்று மணிக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து, கணினிமுன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உட்காருவாள். அங்கே மகளுக்கு அது காலை நேரம். அந்த வாரத்தில் என் மனைவி கேட்டுப் பெற்றுக்கொண்டது அந்த இரண்டு மணி நேரத்தை மட்டுமே.

ஐப்பசி பிறந்து, இடியும் மழையும் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை இணைப்பு கிடைக்கவில்லை. மகள் மீண்டும் மீண்டும் முயன்றாள். எதிர்ப்பக்கம் பதில் இல்லை என்ற ஒரே வாசகம் அவள் திரையில் வந்தது. இங்கே செய்தித்தாள்களின் இணையப் பக்கங்கள் திறந்தன, மெதுவாகத் திறந்தன. அந்த மந்தத்தை நான் பிடித்துக்கொண்டேன். கம்பத்தில் ஏதோ ஓர் இணைப்பில் மழைநீர் இறங்கியிருக்கிறது, செம்பில் பச்சை பூத்திருக்கிறது, மின்தடை கூடியிருக்கிறது என்று ஒரு கொள்கையை வகுத்தேன். அதில் எனக்கு ஐயமே எழவில்லை.

அப்போதே தொலைபேசித் துறை லைன்மேனை அழைத்தேன்; அவர் பெருமாள்மலைக்காரர். ஐம்பது வயதைக் கடந்தவர். பழுது ஞாயிறு மூன்று மணிக்கு மட்டுமே தெரியும் என்பதால், தம் ஓய்வு நாளானாலும் அன்றே வர இசைந்தார். என் மனைவியின் உடல்நிலையைக் கேள்விப்பட்டிருந்தார். கம்பத்தில் ஏறி இணைப்பைப் பிரித்துச் சுரண்டிப் புதிதாக முறுக்கிவிட்டு இறங்கினார்.

“சார், லைன் சுத்தமாக் கெடக்கு. ஒரு கரகரப்பு இல்ல. வேணும்னா நீங்களே காதுல வச்சுப் பாருங்க.”

“காதுக்குக் கேட்காத பழுதும் உண்டு.”

“அப்படியாங்க சார்?” என்றார் அவர். “முப்பது வருசமா நான் காதை நம்பித்தான் சோலி பாக்குறேன்.”

அதன்பிறகும் இணைப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு நல்ல வெயில். முதல் நாளும் மழையில்லை. அன்றும் கிடைக்கவில்லை. என் கொள்கை அங்கேயே சாய்ந்திருக்க வேண்டும். மாணவன் ஒருவன் இப்படி ஓர் ஆய்வுக் குறிப்பைக் கொண்டுவந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஈரம் இன்னும் உலரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவரை மறுபடியும் கம்பத்தில் ஏற்றினேன். சற்றுக் கடுமையாகவும் பேசினேன். கீழே நின்று மேலே பார்த்தபடி எந்தக் கம்பியைப் பிரிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தபோது மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

“பாவங்க அந்த மனுசன். பாஸ் போட்டு விட்டுருங்க. இன்னும் எத்தனை தடவைதான் அரியர் எழுதுவாரு?”

“அடுத்த வாரம் சரியாகிவிடும்” என்றேன். மகளோடு ஆட்டம் வாய்க்காத வருத்தம் அவள் முகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். களைப்பு மட்டுமே தெரிந்தது. வருத்தத்தை எனக்காக மறைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு லைன்மேன் ஏணியில் நிற்கும்போதே மேற்கே இடி முழங்கியது. அவசரமாக இறங்கினார். இருவரும் வீட்டுக்குள் வந்தோம். நான் செருப்பைக் கழற்றிய கையோடு நேராகச் சென்று மோடத்தின் தொலைபேசிக் கம்பியையும் மின் இணைப்பையும் பிடுங்கி, கம்பியைச் சன்னலோர ஆணியில் மாட்டினேன். மலையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் இடிக்கே வீடுதோறும் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். மறந்தவர்களின் மோடம் கருகிய கதை தெருவுக்கு ஒன்று உண்டு.

லைன்மேன் துண்டால் தலையைத் துவட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டெய்லி புடுங்குவீங்களோ சார்?”

“இடி இடிக்கும் நாளெல்லாம். அப்படித்தானே செய்யச் சொல்கிறீர்கள்?”

“அது சரிதாங்க. நாங்க சொல்றதுதான். ஆனா திரும்பப் போட்டா நம்பர் வேற வந்துருமே. பாப்பாகிட்ட புது நம்பரைச் சொன்னீங்களா?”

“எந்த நம்பர்?”

“அதாங்க, உங்க இன்டர்நெட்டு நம்பர். புடுங்கிப் போட்டா மாறிரும். எக்ஸ்சேஞ்சுல கைக்கு வந்த நம்பரை எடுத்துக் குடுக்கும். போன் நம்பர் மாதிரி வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதி வைக்க முடியாதுங்க.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மழைக்கும் இணைப்பு அறுவதற்கும் உறவு இருக்கிறது என்று நான் கண்டது பிழையில்லை. அந்த உறவு செம்புக் கம்பியில் இல்லை. என் கையில் இருந்தது. இடிக்கு அஞ்சி ஒவ்வொரு முறையும் நானே எங்கள் முகவரியை மாற்றிக்கொண்டிருந்தேன். மகளோ யார் வீட்டுடையதோ ஆகிவிட்ட பழைய எண்ணில் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார் லைன்மேன். “நீங்க கம்பத்தைக் காட்டுனீங்க, நான் ஏறிட்டேன்.”

உள்ளறையிலிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். மழை விடும்வரை இருந்து குடித்துவிட்டு, “அம்மா, வாரேங்க” என்று கதவருகே நின்று அவளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புதிய எண்ணைப் பார்த்து மகளுக்குத் தொலைபேசியில் படித்தேன். அவள் தட்டச்சி முடித்ததுமே இரண்டு ஊர்களும் திரையில் வந்துவிட்டன. அதன்பின் ஒவ்வொரு வாரமும் அந்த எண்ணைப் படிப்பது என் வேலை. மார்கழிக் குளிரில் மனைவிக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, கையை மட்டும் வெளியே விட்டிருப்பேன். கடைசி இரண்டு வாரங்களில் ஆடுகளை மேய்த்தது நான். எங்கே ஓட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். தை முதல் வாரத்தில் அவள் இறந்தாள்.

மகள் வந்து ஒரு மாதம் என்னுடன் இருந்தாள். திரும்பிப் போகும் நாளில் நானும் அவளுடன் மதுரைவரை காரில் இறங்கினேன். பெருமாள்மலையில் மூடுபனி; எதிரே வண்டிகள் நின்றிருந்ததால் ஓட்டுநர் ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்தினார். கண்ணாடித் தம்ளர்களோடு சாலையோரம் நின்றோம். அவளிடம் சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று நினைத்திருந்ததை அங்கே சொன்னேன்.

“உனக்கும் அம்மாவுக்கும் சேர வேண்டிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை நான் வீணாக்கிவிட்டேன்.”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“யாருப்பா சொன்னது? அந்த மூணு வாரமும் நானும் அம்மாவும் செல்போன்ல பேசிக்கிட்டுதானே இருந்தோம்.”

“எவ்வளவு நேரம்?”

“நீங்க வெளிய போனதுலேர்ந்து உள்ள வர்ற வரைக்கும். ஆட்டம் ஆடுனா அம்மா ஆட்டைப் பத்தித்தான் பேசுவாங்க. அன்னைக்குத்தான் மத்ததெல்லாம் பேசுனாங்க.”

அந்த ‘மத்தது’ எதுவென்று நான் கேட்கவில்லை. ஓட்டுநர் எங்களைப் பார்த்தார். எதிர்வரிசை நகரத் தொடங்கியிருந்தது.

“நான்தான் சொன்னேன், அப்பாவையும் கூப்பிடும்மா, ஸ்பீக்கர்ல போட்டு மூணு பேரும் பேசலாம்னு” என்றாள். “‘வேணாம், கூப்பிடாத. அவரு அதையாவது சரி பண்ணட்டும்’னுட்டாங்க.”

தம்ளர்களைக் கடையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம்.