விரதமிருந்து பெருத்த நண்டுகள்

உயிரினங்களை வைத்து ஆராய்ச்சி செய்ய விரும்புவோர் முதலில் ஒரு குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று போர்ட் பிளேர் கல்லூரியில் ஒரு விதி வந்தபோது, குழுவுக்கு வெளியாட்கள் இருவர் தேவைப்பட்டனர். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து மாலைதோறும் முருகன் கோவிலில் பதிகம் ஓதிவந்த என்னை, இரக்கமுள்ளவன் என்று கருதி முதல்வர் அழைத்தார். அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த இராமநாதபுரத்துப் பாயை, தராசு பிடிப்பவர் நடுநிலை தவறமாட்டார் என்று எண்ணி அழைத்தார். வங்காளியான முதல்வரே மூன்றாமவர்.

முதல் விண்ணப்பம் மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தியுடையது. தேங்காயை ஓட்டோடு பிளக்கும் தென்னை நண்டுகளை நிக்கோபாரிலிருந்து தருவித்திருந்தாள். வயிற்றில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் அந்த நண்டு, உணவின்றி எவ்வளவு காலம் தாங்கும் என்பது அவளுடைய கேள்வி. இந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே அவள் தந்தை இசைந்திருந்தார். அடுத்த மதராஸ் கப்பலில் முடிவோடு திரும்பாவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

பாய் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நண்டு நோன்பு இருக்கணும்ங்குறீங்க. சரிம்மா. நோன்பு திறக்குறது எப்போ?"

"எடை ஓரளவு குறைஞ்சதும் நிறுத்திடுவேன் பாய். சாக விடமாட்டேன்."

தயங்கித் தயங்கி ஒப்புதல் தந்தோம். மாலைவேளையில் நாங்கள் முறைவைத்து நண்டுகளைப் பார்வையிட வேண்டும், அப்போது ஆராய்ச்சி செய்பவர் உடனிருக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தோம். எங்கள் கண்டிப்பை எண்ணி எங்களுக்கே பெருமிதம் தாங்கவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அவள் எங்களை அவசரமாக அழைத்தாள். ஆய்வுக்கூடத்தின் நடுவே, பாயின் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் ஒரு நண்டு சாக்குக்குள் கட்டுண்டு கிடந்தது.

"எடை ஏறியிருக்கு ஐயா. பட்டினி கிடக்குற நண்டு எப்படிப் பெருக்கும்? தராசுலதான் கோளாறு."

பாயின் முகம் சிவந்தது. "எங்க வாப்பா காலத்துத் தராசும்மா அது. பஜார்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. உங்க நண்டுதான் பொய் சொல்லுது."

அவள் அந்த நண்டின் காலிக் கூண்டுக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு கொட்டையை எடுத்தாள். பேரீச்சங்கொட்டை. எல்லோரும் பாயைப் பார்த்தோம்.

"என் முறை வந்தப்பல்லாம் மஃரிப் தொழுகை நேரத்துல ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். நாள் பூரா நோன்பு இருந்த சீவன். திறக்க ஒண்ணும் குடுக்காம வர எனக்கு மனசு வரலை."

"பாய், குழுவில இருந்துகிட்டு நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று நான் கண்டித்துக்கொண்டிருக்கையில், அவள் கையில் அடுத்ததாக ஒரு தேங்காய்ச் சில்லு வந்தது. ஓட்டின்மேல் குங்குமம் அப்படியே இருந்தது.

"சாமி, இது எந்தக் கடைச் சரக்கு?" என்றார் பாய்.

நான் மனமறிய விதியை மீறியவனல்லன். சஷ்டி விரதத்தில் நாள் முழுதும் ஒன்றும் உண்ணாதவர்கூடக் கோவில் பிரசாதத்தை மறுப்பதில்லை. அதனால் எங்கள் விரதம் கெட்டதாக நாங்கள் எண்ணியதுமில்லை. அதையே அவளிடம் சொன்னேன். "பிரசாதம் சாப்பாட்டுக் கணக்குல வராதும்மா."

"அது உங்களுக்குத் தெரியும் ஐயா. நண்டோட வயித்துக்குத் தெரியுமா?"

முதல்வர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரிப்பு ஓயுமுன்பே, கூண்டின் மூலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசையை அவள் கண்டுவிட்டாள். அங்கே பாகு வடிய ஒரு ரசகுல்லா இருந்தது.

"மேஹ்மான் ஹை நா," என்று முணுமுணுத்தார் முதல்வர். கடல் கடந்து வந்த விருந்தாளிக்கு இனிப்பில்லாமல் எப்படி என்பது அவர் கட்சி.

இதற்குள் சாக்கு அவிழ்ந்து தராசிலிருந்து இறங்கிய நண்டு, பாயின் கைலி நுனியை இடுக்கியால் பற்றிக்கொண்டது. பாய் ஒரு கையால் கைலியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறினார். "சாமி, உங்க பதிகத்துல நண்டுக்கு ஏதாச்சும் இருந்தா சீக்கிரம் பாடுங்க." சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது. முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. நண்டைப் பிடித்துக் கூண்டில் விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்தாள். "கப்பல் வர்றதுக்குள்ள நான் என்னய்யா எழுதுவேன்? குழுக்காரங்க ஊட்டி வளர்த்தாங்கன்னா?"

ஓர் உயிரின் பசியை ஆற்றப்போய் இன்னோர் உயிரின் வாழ்வில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளோ கூண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரீச்சம்பழத்தில் மிஞ்சியது கொட்டை மட்டும். தேங்காய்ச் சில்லில் பாதிப் பருப்புப் போயிருந்தது. ரசகுல்லா தொடப்படவே இல்லை. அவள் குரல் மாறியது. "பாய், நீங்க குடுத்ததும் உடனே வந்து எடுத்துச்சா? ஐயா, நீங்க வச்சப்போ?" விசாரிக்க வேண்டிய எங்களை அவள் விசாரித்தாள். நாங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்று பதில் சொன்னோம்.

அன்றே புது விண்ணப்பம் வந்தது. பட்டினி இல்லை. பலவகை உணவுகளைப் பரப்பி, நண்டு எதை முதலில் நாடுகிறது என்று பார்ப்பது மட்டுமே. இம்முறை குழு உண்மையாகவே கேள்வி கேட்டது. அவற்றுக்கு நோவு உண்டா? இல்லை. முடிந்தபின் அவை எங்கே போகும்? நிக்கோபார் கப்பலில், வந்த கரைக்கே. கேட்டுத் திருப்தியான பிறகே கையொப்பமிட்டோம்.

அதன்பின் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாலையும் திருவிழாதான். பாய் பேரீச்சம்பழத்துக்கும் நான் தேங்காய்க்கும் கட்சி கட்டினோம். முதல்வர் மட்டும் மனந்தளராமல் ரசகுல்லாவுக்காக வாதாடினார். ஒருநாள் அவள், நண்டுகள் பிறந்த கரையில் விளையும் நிக்கோபார்த் தாழம்பழத்தையும் பரப்பினாள். நண்டுகள் எங்கள் காணிக்கைகளையெல்லாம் மிதித்துக்கொண்டு அதனிடம் போயின. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே.

மதராஸ் கப்பல் புறப்படும் நாளில் ஏணியில் கால்வைத்தவளிடம் பாய் கேட்டார். "எங்க மூணு பேர்ல யாருமே செயிக்கலையாம்மா?"

"நான் செயிச்சேன்ல பாய்," என்று சொல்லிவிட்டு, ஆய்வு முடிவு இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடுகிடுவென்று ஏறிப் போனாள்.