எந்த வாரேன்?

இன்பமணி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் வேலை பார்த்தாள். டோக்கன் கொடுப்பது, பெயர் எழுதுவது, அழுகிறவர்களை உட்காரவைப்பது. ஆஸ்பத்திரி கைமாறியது. புதிதாக வந்தவர்களுக்கு முன்மேசையில் இளம் முகங்கள் வேண்டியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கேக்கும் சால்வையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். கேக்கில் பாதியை ஆட்டோக்கார அசன் மைதீனுக்குக் கொடுத்தாள். சால்வை ஜன்னலுக்குத் திரை ஆனது.

மகள் கரோலின் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். கிறிஸ்மஸுக்குள் வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். இன்பமணி சரி என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சர்ச்சில் சனிக்கிழமைப் பாட்டுப் பழக்கம் இங்கே. கல்லறைத் தோட்டத்தில் கணவர் இங்கே. அங்கே பத்தாவது மாடியில் யாரிடம் பேச?

வண்ணார்பேட்டையில் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டரில் ஆள் எடுத்தார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் கரோலின் வீடியோவில் பாடம் நடத்தினாள்.

"எம்மா, அவங்க சொன்ன பிறகுதான் உக்காரணும். பைய மேசை மேல வைக்கக் கூடாது."

"பைய வைக்கக் கூடாதுன்னா, படக்குன்னு வைக்கட்டா?"

"எம்மா! நான் ஹேண்ட்பேக்கச் சொல்லுதேன். அந்த ஆளத் தம்பின்னு கூப்பிடாதிய. சாப்டாச்சான்னு கேக்காதிய."

"பிறகு என்னதாம்ட்டி பேச?"

"கேட்டதுக்குப் பதில். பழைய வேலைய ஏன் விட்டீங்கன்னா, புது அனுபவம் தேடுதேன்னு சொல்லுங்க. முடிஞ்சதும் நன்றி. அதோட வெளிய வந்துரணும்."

மறுநாள் அசன் மைதீன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டே ஏற இறங்கப் பார்த்தார்.

"யக்கா, நீலச் சேல, பவுடரு. வேல கேக்கப் போறியளா, பொண்ணு பாக்க வாராவளா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

மேனேஜர் ஒடிசாக்காரர். கரோலின் வயதுதான் இருக்கும். வேலைக்கு வந்த இடத்தில் பழகிய தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்துப் பேசினார். சொன்ன பிறகே இன்பமணி உட்கார்ந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?"

புது அனுபவம் தொண்டை வரை வந்தது. "நான் விடல சார். அவிய விட்டுட்டாவ."

அவர் லேசாகச் சிரித்தார். இன்னும் சில கேள்விகள். கடைசியில், "காலையில் சீக்கிரம் வர வேண்டும். வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

அனுப்புவதற்குச் சொல்கிற பேச்சு என்று அவள் எடுத்துக்கொண்டாள். எழுந்து நன்றி சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிக் கிளம்ப? 'போறேன்' என்று அவள் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப வாரேன் சார்."

மேனேஜர் நிமிர்ந்தார். "எப்போது?"

இது என்ன கேள்வி? "இப்பதான் சார்."

"இன்றைக்கேவா?"

"ஆமா சார். ஆட்டோ நிக்கி."

"ஆட்டோவை அனுப்பிவிடுங்கள்" என்றவர் மணியை அடித்தார். ஒரு பெண் வந்து இன்பமணியைக் கூட்டிப் போய் முன்மேசையில் உட்காரவைத்தாள். என்ன ஏது என்று கேட்பதற்குள், ஸ்கேனுக்காக நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்த ஒருவர் வந்து நின்றார். அவரை முதலில் உள்ளே அனுப்பினாள். அடுத்தவர் வந்தார். டீ வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. வேலைக்கு வருகிறேன் என்று சொன்னதாக நினைத்துவிட்டார்!

பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் பெங்களூர் இல்லை. டீயில் ஆடை படிந்தது. எழுந்து உள்ளே போனாள்.

"சார், வாரேன்னு நான் சொன்னது வேலைக்கு இல்ல. கெளம்புதேன்னு சொன்னேன். நாங்க போறேன்னு சொல்ல மாட்டோம்."

அவர் யோசித்தார். "போகும்போது வருகிறேன் என்பீர்களா?"

"ஆமா சார்."

"அப்படியானால் வேலைக்கு வர மாட்டீர்களா?"

"வாரேன் சார்."

"இது எந்த வாரேன்?"

"இருக்கப் போற வாரேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு முன்மேசைக்கு ஆள் வேண்டும். மற்ற எல்லாரும் கேட்டுச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். நீங்கள் போய் உட்காருங்கள்."

சாயங்காலம் வெளியே வந்தபோது அசன் மைதீன் ஆட்டோவுக்குள் காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை அனுப்ப மறந்தே போயிருந்தாள்.

"என்னக்கா, கேள்வி கேக்கதுக்கா இவ்வளவு நேரம்?"

"வேல கெடச்சிட்டுலே."

"யாரு சொன்னா?"

"நானேதான் சொல்லிட்டேன்."

அதன் பிறகு பெங்களூருக்கு விருந்தாளியாகத்தான் போனாள். போன நான்காம் நாள் ஊருக்கு டிக்கெட் கேட்பாள். வேலை முடிந்து கிளம்பும்போதெல்லாம் மேனேஜர் உள்ளேயிருந்து, "எந்த வாரேன்?" என்பார். "நாளைக்கு வார வாரேன்" என்று பதில் போகும்.

அப்படிச் சில வருஷங்கள். போன செப்டம்பரில் இன்பமணி தூக்கத்திலேயே இறந்துபோனாள். மறுநாள் உடுத்துவதற்குச் சேலையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தாள். கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

மதுரைக்கு மாற்றலாகியிருந்த மேனேஜர் அடக்கத்துக்கு வந்திருந்தார். பிறகு வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வந்தவர்கள் பேசாமல் எழுந்து போனார்கள். அவருக்கு அது தெரியாது. வாசலில் கரோலின் முன் நின்று கைகூப்பினார்.

"வாரேன்" என்றார். இன்பமணி சொல்வது போலவே, அதே இழுப்பு.

உறவுக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அசன் மைதீன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கரோலினுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"வாங்க" என்றாள்.