செடி இருந்த இடம்

"கட்ட அவுக்காதீய மாமி, வாடிரும்!" என்று மாட்டுங்கா மார்க்கெட்டின் கீரைக்காரி கோமதியம்மாள் சொல்லி முடிப்பதற்குள் ஷ்யாமளா கட்டை அவிழ்த்துவிடுகிறாள். முளைக்கீரைக்கு நடுவே ஒளிந்திருந்த ஏதோ ஒரு களையை இரண்டு விரலால் உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள்.

"இந்தக் கட்டு எங்கேருந்து வந்தது?"

"வண்டியில வந்துச்சு."

"வண்டி எங்கேருந்து?"

"அது வண்டிக்காரனுக்குல்லா தெரியும்! ஒங்களுக்குக் கீர வேணுமா, வண்டிக்காரன் வேணுமா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நாலடி தள்ளி, துணிப்பையும் கையுமாக, இந்த அம்மாளை இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்கிற முகத்தோடு ஒருவர் வெள்ளரிக்காயைத் தடவிக்கொண்டிருக்கிறார். அவர்தான் சந்திரமௌலி. ஷ்யாமளாவைக் கைப்பிடித்தவர். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். எத்தனையோ சிக்கலான கணக்கை நேராக்கியவருக்கு, கூடவே வாழும் இந்தப் பெண்மணி மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குழப்பமும் இல்லை. செம்பூரில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், க்ளெய்ம் பிரிவு. காட்டன் புடவை, சின்னப் பொட்டு, டிபன் டப்பாவில் தயிர்சாதம். ஆனால் மழைக்காலம் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளே மாறிவிடுவாள். சல்வார் கமீஸ், முரட்டு பூட்ஸ், கழுத்தில் தாலிக்கொடியோடு பின்னிக்கொள்ளும் ஒரு பூதக்கண்ணாடி. தாதரில் கர்ஜத் லோக்கல் ரயிலைப் பிடித்து உட்கார்ந்தால் அம்பர்நாத் வரை தூக்கம். அம்பர்நாத் தாண்டி மலை கண்ணில் பட்டதும் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொள்வாள். பிறகு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

சஹ்யாத்ரி மலைகளில் எந்தக் காட்டுச் செடி எந்தச் சரிவில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவு செய்வதுதான் அவளுடைய பைத்தியம். புதுச் செடியைக் கண்டுபிடிப்பது இல்லை. பேர் தெரிந்த செடிதான். ஆனால் இதுவரை யாரும் பார்த்திராத இடத்தில் அது நிற்கிறதா? அதுதான் கேள்வி. செடியை விட அது நிற்கிற இடம் முக்கியம். இடம் தெரியாமல் ஒரு செடியை அவள் கையில் கொடுத்தால், தபால்தலை இல்லாத கடிதத்தைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள்.

இந்தப் பழக்கம் ஆபீசிலும் உண்டு. வண்டி இடித்துவிட்டது, கடை எரிந்துவிட்டது என்று யாராவது அழுதுகொண்டு வந்தால், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு முதலில் சொல்வது, "எங்கேன்னு சொல்லுங்கோ. என்னன்னு அப்பறம் பாத்துக்கலாம்." சொந்தக்காரர்களின் முகமும் பெயரும் அவளுக்கு நிற்பதே இல்லை. "செம்பூர் கல்யாணத்துல கை அலம்பற எடத்துல தூணை ஒட்டி நின்னாளே, அவ" என்பாள். அவ என்பது சந்திரமௌலியின் சொந்த அக்கா.

வீட்டுக் கட்டிலில் மெத்தைக்கடியில் எப்போதும் பழைய செய்தித்தாள் அடுக்கு. ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு செடி. தரையில் படுக்கக்கூட உரிமை இல்லாமல் சந்திரமௌலி அந்த மெத்தையில்தான் படுத்தாக வேண்டும். "நீங்க படுத்துண்டாத்தான் ஒரே மாதிரி அமுங்கறது" என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள். ஊர் உலகத்தில் ஒரு புருஷனுக்கு இப்படி ஒரு உபயோகம் உண்டா? அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் அடியில் ஏதோ ஒரு மலை சரசரக்கும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நனைந்த கோழியாக வீட்டுக்கு வந்தவள் குடையைக்கூட மடக்காமல் கூடத்து நடுவில் நின்று அழுதாள். சந்திரமௌலி பதறி எழுந்தார்.

"யாருக்கு என்ன ஆச்சு? யார் போயிட்டா?"

"யாரும் போகலை. ஒருத்தி வந்திருக்கா."

அந்த ஒருத்தி ஒரு செடி. சுண்டுவிரல் நகம் அளவு ஊதாப் பூ, எலிக்காது போன்ற இலை. மழையோடு முளைத்து மழையோடு மடிகிற அற்ப ஆயுசு. அதன் பெயரும் அது நின்ற மலையின் பெயரும் இங்கே வேண்டாம். கேள்விப்பட்ட மறுநாளே தோண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தெற்கே வெகுதூரத்தில் ஒரே ஒரு மலையில்தான் அது உண்டு என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைத்தான் ஷ்யாமளா நம்ம பக்கத்து மலை ஒன்றில், ஒரு தட்டைப் பாறையின் ஓரத்தில், ஒரு கோலம் அளவுக்குப் பூத்துக் கிடக்கப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

அவளோடு மலை ஏறும் தோழி ஷமீமா, சயானில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டீச்சர். தாராவியில் பிறந்து வளர்ந்தவள்; பேச்சில் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது. அன்றைக்கு அவளால் வர முடியவில்லை. செய்தி கேட்டதும் போனிலேயே குதித்தாள். "அக்கா, இது நம்ம பத்திரிகையில வரணும். ஒங்க பேருதான் மொதல்ல. நான் எழுதித் தாரேன்."

செடிகளுக்கென்றே வருகிற அந்தச் சிறு பத்திரிகையை வாசிக்கிறவர்கள் சொற்பம். அதனால் என்ன? இத்தனை காலமும் 'ஷ்யாமளாவோட கிறுக்கு' என்று கட்டடமே சிரித்த ஒன்று, அச்சில் அவள் பெயரோடு வரப்போகிறது! சந்திரமௌலி கட்டடத்து வாட்ஸாப்பில் போட்டார். கோயிலில் சொன்னார். காய்கறி மார்க்கெட்டில் நாலடி தள்ளி நிற்காமல் பக்கத்திலேயே நின்றார்.

நாலைந்து நாள் கழித்து ஷமீமா வீட்டுக்கு வந்தாள். கட்டுரை தயார். படங்களை மட்டும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தவள், ஒன்றைப் பெரிதாக்கிச் சொன்னாள்: "யக்கா, இந்தப் பாறையப் பாத்தியளா? போன வருசம் நாம ஒக்காந்து சோறு தின்ன பாறைலா இது?"

ஷ்யாமளா போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போனதைச் சந்திரமௌலி காப்பித் தட்டும் கையுமாக நின்று பார்த்தார்.

"அனுப்பாதே" என்றாள்.

"என்னக்கா சொல்லுதிய?"

"அனுப்பாதேங்கறேன்."

இடி விழுந்தால்கூட ஒரு சத்தம் இருக்கும். இது சத்தமில்லாமல் விழுந்தது. சந்திரமௌலிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "அரே, என்ன ஆச்சுன்னு சொல்லித் தொலையேன்! ஊரெல்லாம் சொல்லியாச்சு!"

ஷ்யாமளா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "போன வருஷம் மழை விடற சமயத்துல நாங்க தெக்கே அந்த மலைக்குப் போனோம். அங்க இந்தச் செடி விதை கொட்டிண்டிருந்தது. விதைன்னா மூக்குப்பொடி மாதிரி இருக்கும். பூட்ஸ் பூரா அந்தச் சேறு. அதைப் பையில கட்டிப் பால்கனில வச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பூட்ஸைப் போட்டுண்டு இந்த மலைக்கு வந்து, இந்தப் பாறைல உக்காந்து, குச்சியால சுரண்டிப் போட்டேன். சுரண்டிப் போட்ட எடத்துலயே இப்போ பூத்துருக்கு. அது தானா வந்ததா, நான் கொண்டு வந்து போட்டதா? எனக்குத் தெரியலை, ன்னா."

"சேத்தை ஆத்துக்கு வந்ததுமே அலம்பித் தொலைச்சிருக்கலாமோல்லியோ?"

ஷ்யாமளா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு மெதுவாக ஞாபகம் வந்தது. 'சேறு பாத்ரூமுக்குள்ள வரப்படாது. பைப் அடைச்சுண்டா நீயா வந்து குத்துவே?' என்று அதட்டியது வேறு யாருடைய குரலும் இல்லை. காப்பித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஷமீமா விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. அது ரொம்பக் காலமா அங்கனதான் கெடந்திருக்கும். நாமதான் பாக்கல."

"இருக்கலாம்டீ. இல்லாமலும் இருக்கலாம். இல்லாததை இருக்குன்னு எழுதினா மேப்ல நின்னுடும். அழிக்கவே முடியாது. இருக்கறதை எழுதாம விட்டா, அது இருக்குன்னே யாருக்கும் தெரியாமப் போயிடும். நான் என்ன பண்ணட்டும்?" பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "மேலே, எங்க கால் படாத சரிவுல ஒண்ணே ஒண்ணு நின்னாப் போறும். அப்போ அது அந்த மலையோட சொத்து. என் பூட்ஸோடது இல்லை" என்றாள்.

பூக்காலம் முடிய இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. ஷமீமாவுக்கு அன்று பரீட்சை வேலை. "நான் வரேன்" என்றார் சந்திரமௌலி. அவரே அதை எதிர்பார்க்கவில்லை.

பஜனைக்குப் போகிறவர்போல இஸ்திரி போட்ட பேண்ட், வாக்கிங் ஷூ, ஒரு நீளக் குடை. ஜீப்பிலிருந்து இறங்கி ஏறத் தொடங்கியதும் மஞ்சுமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற ஷ்யாமளாவின் முதுகு தெரியும், மறையும். பாறைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு நின்று திரும்பி வந்தது. பூக்கள் அங்கேயே இருந்தன. அவற்றுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு தக்காளிச் செடியும் நின்றது.

"இது என்ன அபூர்வம்?" என்றார், மரியாதையாக.

"போன வருஷம் ஷமீமா தின்ன தக்காளி" என்றாள் ஷ்யாமளா. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "நாங்க போட்டதெல்லாம் இங்க முளைக்கறது, பாத்தேளா?"

அவள் இடப்பக்கம் போனாள்; அவரை வலப்பக்கம் மேலே அனுப்பினாள். "பாத்தா என்னைக் கூப்பிடுங்கோ. கேட்டேளா? கூப்பிட்டாப் போறும்."

சந்திரமௌலி குனிந்த தலை நிமிராமல் தேடினார். ஒவ்வொரு புல்லும் அந்தச் செடியாகத் தெரிந்தது. பிறகு புல்லாக ஆயிற்று. எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்று தெரியாது. திடீரென்று ஒரு கல்லிடுக்கில் தன்னந்தனியாக ஓர் ஊதாப் பூ! எலிக்காது இலை! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஷ்யாமளா!" என்று கத்தினார். காற்று அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ போயிற்று. மறுபடி கத்தினார். பதில் இல்லை. அவளைத் தேடிப் போனால் இந்தப் பூவைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? மஞ்சில் இது கரைந்துவிட்டால்? எந்தச் சாமானையும் மாதிரி காட்டித்தானே கடையில் கேட்கிறோம்! அவர் வேரோடு அதைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, வழுக்கி, எழுந்து, ஓடினார்.

"கிடைச்சுடுத்து! பாரு, கிடைச்சுடுத்து!"

ஷ்யாமளா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அதேதான். அவள் முகம் குத்துவிளக்கு ஏற்றியதுபோல மலர்ந்தது. மறுகணம் கேட்டாள்: "எங்கேருந்து பறிச்சேள்?"

அவர் திரும்பினார். பின்னால் மலையே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர்.

"அதோ... மேலே. இல்லை, இந்தப் பக்கம். ஒரு கல் இருந்தது."

கல் இருந்தது. எங்கு பார்த்தாலும் கல்தான் இருந்தது. இருவரும் ஏறினார்கள், இறங்கினார்கள். 'இங்கதான்' என்று அவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் ஷ்யாமளா மண்டியிட்டு, பிடுங்கிய தடம் தெரிகிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"மேலே போனேளா, இல்லை சுத்திண்டு பாறைக்கே திரும்பி வந்துட்டேளா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் நன்றாக யோசித்தார். மேலே போனதுபோலவும் இருந்தது. கீழே இறங்கியதுபோலவும் இருந்தது. பொய் சொல்லிவிடலாம், 'மேலேதான்' என்று ஒரு வார்த்தை போதும், அவள் பெயர் அச்சில் வந்துவிடும். அவர் நாக்கு அந்த வார்த்தையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "தெரியலைடீ" என்றார். "சத்தியமாத் தெரியலை. நான் ஒரு மடையன். பாத்ரூம்ல ஆரம்பிச்சு இது வரைக்கும் எல்லாம் என்னாலதான்."

அப்போது பார்த்துத்தான் போன் அடித்தது. ஷமீமா. "கெடச்சுதாக்கா?"

"கிடைச்சுது. எங்கேன்னு தெரியலை."

"அப்ப அனுப்பவா, வேண்டாமா? பத்திரிகைக்கு அனுப்ப இன்னைக்கித்தான் கடைசி நாளு."

ஷ்யாமளா கையிலிருந்த செடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூக்குநுனியில் மழைத்துளி தொங்க, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார் அவர்.

"வேண்டாம்டீ. அடுத்த மழைக்கும் மலை இங்கதானே இருக்கும்" என்று போனை வைத்தாள்.

சந்திரமௌலி திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. அவள் பக்கத்துப் புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, அவர் எதிரே அந்த ஈர மண்ணில் குந்தினாள்.

"காலைத் தூக்குங்கோ."

எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் தள்ளாடியபடி, தூக்கினார். இந்த மலையின் மண் எதுவும் வேறு மலைக்குப் போகாதபடி, அவர் ஷூவின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் சேற்றை நெம்பி நெம்பி அங்கேயே உதிர்த்தாள். பேண்ட் மடிப்பை அவிழ்த்து உதறினாள். சாக்ஸில் ஒட்டியிருந்த புல்விதைகளைக் குழந்தைக்குப் பேன் பார்ப்பதுபோல நகத்தால் எடுத்தாள். பிறகு அந்தக் காலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டினாள்.

"இனி, மத்தக் கால்."