மூக்கோடு சரி

இரும்புலியூரில் எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், நாம் சொல்லி முடிப்பதற்குள் தொண்டையில் டார்ச் அடித்துவிடுவார். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். ஃப்ளூ வந்து போனபின் என் மனைவிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட நினைவில் நிற்கவில்லை.

"சளி ஜுரம் மூளைக்கெல்லாம் போகாதும்மா. மூக்கோட சரி. டி.வி. பாக்கறதைக் குறைங்க," என்று டாக்டர் சிரித்தார்.

மறுமாதம் அவரே ஜுரத்தில் படுத்தார். எழுந்து வந்தவரிடம் தொண்டைவலி என்று போனேன். டார்ச்சைக் கையில் பிடித்தபடி மூன்றாம் முறையாகக் கேட்டார்: "எதுக்கு சார் வந்தீங்க?"

அதற்குள் தேறி, என்னோடு வந்திருந்த என் மனைவி, "மூளைக்குப் போயிடுச்சா டாக்டர்?" என்றாள்.

"சேச்சே, வெறும் டயர்டு."

மருந்து கட்டிக் கொடுக்கும் அவர் மனைவி மாத்திரைப் பெயரை மெல்லச் சொல்ல, அவர் எழுதினார். வெளியே கூட்டம் குறையவில்லை. யாரை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.