கிரைண்டர் வாங்கித் தந்த கோர்ட்

கோர்ட் படி ஏறியதை எழுதப் பல வருடம் கூச்சப்பட்டேன். வியாபார ஒப்பந்தங்களுக்குக் கோர்ட் எவ்வளவு உதவுகிறது என்று ஒரு மாணவி கேட்டு வந்தபிறகே துணிந்தேன்.

காட்டுப்பாக்கத்தில் மாவுக்கடை போட, ஒரு பட்டறைக்காரரிடம் பெரிய கிரைண்டருக்குப் பணம் கட்டினேன். எழுதி வாங்கவில்லை. அம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதுவே போதும் என்றிருந்தேன். கிரைண்டர் வரவில்லை. பணத்தைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்கு,

"கோர்ட்டுக்குப் போக்கா, உன் பேரனுக்குத் தீர்ப்பு வரும்!" என்று சிரித்தார்.

போனேன். "எழுத்துல என்னம்மா இருக்கு?" என்றார் வக்கீல். அப்போதுதான் பட்டறைக்காரர் போனில் குரல் பதிவாகப் பேசி அனுப்பியது, பணம் வாங்கியதை அவரே ஒத்துக்கொண்டது, ஞாபகம் வந்தது: "பணம் வாங்கிகினு கிரைண்டர் தராம ஓடிடுவேனாக்கா?" அம்மன்தான் பேச வைத்திருக்கிறாள். கோர்ட் சமரச மையத்தில் அதைப் போட்டுக் காட்டியதும் பட்டறைக்காரர் தலைகுனிந்தார். அந்த வருட ஆடிக்குள்ளேயே கிரைண்டர் வந்தது.

இப்போது கற்பூரமும் ஏற்றுகிறேன், கையெழுத்தும் வாங்குகிறேன். மாணவியிடம், "கிரைண்டர் சத்தம் கேட்குதுல்ல? அதையே எழுதிக்கோம்மா" என்றேன். நீங்களும் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.