பாலம் தாண்டி இடது பக்கம்

தமிழர்களிடமிருந்து தப்பிப்பதற்காகவே காட்டுக்குப் போகிறவன் நான். அமெரிக்காவின் சான் ஹோசேயில் கடை, கோயில், பிறந்தநாள் பார்ட்டி என்று எங்கே திரும்பினாலும் அதே கேள்விகள்தான். எந்த ஊரு, எந்தக் கம்பெனி, கிரீன் கார்டு வந்துடுச்சா? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் கார் ஓட்டி, மலைமேல் இருக்கும் ஸ்டேட் பார்க்குக்குப் போய்விடுவேன். விலையுயர்ந்த ஷூ, இரண்டு கையிலும் மலையேறும் ஊன்றுகோல், வெயிலே இறங்காத ரெட்வுட் காட்டிலும் கழற்றாத கூலிங் கிளாஸ். ட்ரெயில் பாதையில் எங்காவது தமிழ்ச் சத்தம் கேட்டால் அடுத்த கிளைப்பாதையில் நழுவிவிடுவேன். இதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள், போகும் வழியில் காரிலேயே மகளைத் திட்டினேன். அவளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "தமிழ்ல பேசுன்னு எத்தனை தடவ சொல்றது? தமிழ் பேச அவ்ளோ வெக்கமா உனக்கு?" என்று கத்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றரை மணி இருக்கும். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்கள். அவர் மஃப்ளர் சுற்றியிருந்தார். அந்த அம்மா புடவைக்கு மேல் ஒரு பெரிய ஜாக்கெட்டைப் போட்டிருந்தார், மகனுடையதாக இருக்கும். அது முழங்கால்வரை தொங்கியது. நழுவ வழியில்லை.

"தம்பி, தமிழா நீங்க?" என்றார் அவர்.

"சாரி?" என்றேன் நான். அமெரிக்காவிலேயே பிறந்தவன் மாதிரி.

அவர் முகம் சுருங்கியது. இருக்கிற ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்தார். "சன்... பேபி பாத்ரூம்... கோ. கார் பார்க்கிங்?" போனைத் தூக்கி, டவர் இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினார். மகன் குழந்தையைப் பாத்ரூமுக்குத் தூக்கிப் போயிருக்கிறான், இவர்களுக்குக் காருக்குத் திரும்ப வழி தெரியவில்லை என்று புரிந்தது.

பாலம் தாண்டி இடது பக்கம் திரும்புங்கள், அங்கிருந்து அரை மைல் என்று ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னேன். "ஓகே, ஓகே" என்று வேகமாகத் தலையாட்டினார். புரியாதவர்கள்தான் அப்படி ஆட்டுவார்கள். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் ஆட்டினேன். தெரிந்தும் நடையைக் கட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் மகள் நின்றுவிட்டாள். அவர்களுக்குப் புரியவில்லை, இருட்டப்போகிறது, நீங்கள் ஏன் 'சாரி' என்று சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளே திரும்பி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

அவர்கள் பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பியிருந்தார்கள். அது மலை உச்சிக்குப் போகும் பாதை. மரங்களுக்கு அடியில் அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. அந்த அம்மா விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கணவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

இப்போது வாயைத் திறந்தால் என் குட்டு உடையும். அதனால் பேசாமல் நின்றேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது.

"ஆன்ட்டி, இந்த வழி இல்ல. பார்க்கிங் அந்தப் பக்கம். எங்ககூட வாங்க" என்றாள் என் மகள்.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். மகள் ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் பேசவில்லை. நான் பின்னால் வந்தேன்.

"இவ்ளோ அழகா தமிழ் பேசுறியே கண்ணு, யாரு சொல்லிக்குடுத்தா?"

"அப்பா."

என் ஊன்றுகோல்கள் கல்லில் தட்டிக்கொண்டே வந்தன. 'மன்னிச்சுக்குங்க' என்று சொல்ல அரை மைல் தூரம் எனக்குக் கிடைத்தது. சொல்லவில்லை.

பார்க்கிங்கில் அவர்களுடைய மகன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். அந்தப் பெரியவர் என்னிடம் வந்து ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். நாலு கேள்வி நறுக்கென்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் தேவலை. கும்பிடக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்திவிட்டு, கைகுலுக்க நீட்டினார். என் மகள் பக்கத்தில் நின்றாள்.

"தேங்க் யூ, சார்" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக. "வெரி குட் டாட்டர்."

"யூ ஆர் வெல்கம்" என்றேன்.

தமிழில் பேசு என்று அவளிடம் நான் அதற்குப் பிறகு சொன்னதே இல்லை.