முப்பத்தொன்றாம் மனைக்கு மேலே

மற்ற மனைகளுக்கு மேல் சுவரில் மாட்டிய படம்போல அசையாமல் நின்ற ட்ரோன், முப்பத்தொன்றாம் மனைக்கு வந்ததும் சுற்ற ஆரம்பித்தது. முதலில் சின்ன வட்டம், பிறகு அதைவிடப் பெரியது. ஆரோக்கியசெல்வி கையிலிருந்த ரிமோட்டை எப்படித் திருப்பியும் அது அடங்கவில்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல இருந்தது.

"எறக்கிடுக்கா" என்றான் மனைப்பிரிவின் காவலாள் மணி. "பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் நாய்கூட வராது."

ராயக்கோட்டை சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் அந்த இடம் முன்பு கல்குவாரி. பள்ளத்தை மண்ணும் கல்லும் கொட்டி மூடி, ஓசூர் ஆலைத் தொழிலாளர்களுக்கு மனைகளாக விற்கிறார்கள். கல்யாணங்களுக்கும் தேர்த்திருவிழாக்களுக்கும் ட்ரோன் ஓட்டும் செல்வியை விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த இடம் என்று தெரிந்துதான் வந்தாள்.

அவளுடைய அண்ணன் அருள்ஜோசப் இந்தக் குவாரியில் பொக்லைன் ஓட்டியவன். ஒரு மழைக்காலத்தில் வேலைக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. பொக்லைனும் இல்லை. வண்டியைத் திருடிக்கொண்டு கர்நாடக எல்லையைத் தாண்டிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தார். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. யானை அளவு இரும்பு எந்தச் சாலையில், யார் கண்ணிலும் படாமல் நகர்ந்து போயிருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இருக்கிறவன் காணாமல் போனால் தேடுவார்கள். இல்லாதவன் காணாமல் போனால் அவன் திருடன். சர்ச்சில் செல்வியின் குடும்பம் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஜல்லி லாரி போகும் சத்தம் கேட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். சாகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

செல்விக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ட்ரோன் எதனால் அப்படிச் சுற்றும் என்று தெரியும். தான் எங்கே இருக்கிறோம் என்பதை ட்ரோனுக்குச் செயற்கைக்கோள் சொல்கிறது. எந்தத் திசை பார்த்து இருக்கிறோம் என்பதை அதற்குள் இருக்கும் திசைகாட்டி சொல்கிறது. பக்கத்தில் பெரிய இரும்பு இருந்தால் திசைகாட்டி பொய் சொல்லும். வடக்கே நகர்ந்து தன்னைச் சரிசெய்ய நினைக்கும் ட்ரோன் கிழக்கே நகரும். அதைச் சரிசெய்யப் போய் இன்னும் விலகும். சரிசெய்யச் சரிசெய்ய வட்டம் பெரிதாகும்.

சோதித்துப் பார்த்தாள். பழைய மாடல் என்பதால் செயற்கைக்கோள் பிடிப்பை அணைக்கும் வசதி அதில் இருந்தது. அணைத்ததும் சுற்றல் நின்று, காற்று தள்ளிய பக்கம் மட்டும் சாதுவாக ஒதுங்கியது. ட்ரோனில் பழுதில்லை. மேலே மின்கம்பி இல்லை, சுற்றிலும் கட்டடம் இல்லை. அப்படியானால் இரும்பு கீழே இருந்தது.

வீடியோவை எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போனாள். இன்ஸ்பெக்டர் முழுவதும் பார்த்தார்.

"பொம்மை சுத்துதுன்னு பூமியத் தோண்டச் சொல்றியாம்மா? ரிப்பேர் கடைக்குக் கொண்டு போ."

இதற்குள் மணி வாயிலிருந்து பேய்க்கதை கிளம்பிவிட்டது. மனைப்பிரிவை நடத்துபவன் பழைய முதலாளியின் மகன் ஹரீஷ்குமார். முன்பணம் கொடுத்தவர்கள் பயந்து திருப்பிக் கேட்க, முப்பத்தொன்றாம் மனையை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு அங்கே முனியப்பனுக்குக் கல் நடப்போவதாக அறிவித்தான். எல்லோருக்கும் நிம்மதி. செல்விக்கு மட்டும் இல்லை. சாமி உட்கார்ந்த இடத்தை இந்த நாட்டில் எந்தக் கலெக்டரும் தோண்டமாட்டார். பேய் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாமி என்று சொல்லிவிட்டால் யாரும் கேள்வியே கேட்கக்கூடாது.

கல் நடும் நாளில் ஊரே கூடியிருந்தது. மண்ணைச் சமன்செய்து சிமெண்ட் கலவை தயாராக இருந்தது. செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பக்கத்து நிலத்துக்காரி கெம்பம்மாவிடம் போனாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக்குக் கடைக்கால் போட்டாலும் முன்னால் நிற்பவள் அவள்.

"அம்மா, கொட்டுன மண்ணு மேல சாமி நிக்குமா?"

கெம்பம்மா சட்டென்று திரும்பினாள். "எதுக்குக் கேக்கற?"

"இது அத்தனையும் குவாரி ரொப்புன மண்ணு. லாரியில என்னென்ன குப்பை வந்துச்சோ."

"பேடப்பா, பேட!" வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தியபடி கெம்பம்மா சிமெண்ட் சட்டியைக் காலால் தள்ளினாள். "யாரும் தொடாத கன்னி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டாம கல்லு நட்டா குடும்பம் வெளங்குமா? தோண்டுங்கடா!"

"நேரம் போயிடும் கெம்பம்மா, மேலாக வெச்சிக்கலாம்" என்றான் ஹரீஷ்குமார். கவிழ்ந்த சட்டியைத் தானே நிமிர்த்தினான்.

"ஒங்கப்பன் வூட்டு நேரமா? முனியப்பன் நேரம்! கிறிஸ்டியன் பொண்ணு இவளுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையா?"

கூட்டம் சிரித்தது. மணி கடப்பாரையை எடுத்தான், மூன்று பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். நியாயம் கேட்டபோது அசையாத மண், சாமி பேரைச் சொன்னதும் அசைந்தது. அதற்கு வெட்கப்பட வேண்டியவள் செல்வி அல்ல.

இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை கணீரென்றது. மணி கையால் மண்ணைத் தள்ளினான். மஞ்சள் பெயிண்ட். மேல்நோக்கித் தூக்கியபடியே நின்றுபோன ஒரு பொக்லைன் கை.

ஒரு கிழவர் துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். குவாரிச் சுவர் எப்படிச் சரிந்திருக்கும், அதற்குப் பிறகு யார் சொல்லி லாரி லாரியாக மண் கொட்டப்பட்டிருக்கும் என்பதை அங்கே நின்ற எல்லோரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மூடுங்கடா!" என்றான் ஹரீஷ்குமார். "மூடுங்கன்னு சொல்றேனில்ல!"

மண்வெட்டிகள் அசையவில்லை. கெம்பம்மா குழியின் விளிம்பில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "எம்மேல கொட்டு மொதல்ல."

செல்வி குழிக்குள் இறங்கினாள். மஞ்சள் இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. கையை எடுக்காமலே, இரும்பு போகும் திசையைப் பார்த்து, மண்வெட்டிக்காரர்களிடம் சொன்னாள்:

"மெதுவா வெட்டுங்கண்ணா. கேபினு எடது பக்கம் இருக்கும்."